கேட்பவரை யார் கேட்பது? – ‘இன் ட்ரீட்மென்ட்’ தொடரின் வெள்ளிக்கிழமைகள்

2005-ஐத் தமிழ் சினிமாவின் மனநல ஆண்டு என்றே சொல்லலாம். ஏப்ரல் 14 அன்று ‘சந்திரமுகி’, ஜூன் மாதம் ‘அந்நியன்’. முன்னதில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய மனநல மருத்துவராக ரஜினிகாந்த். பின்னதில் விக்ரமை ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி உள்ளே இருக்கும் ஆட்களை ஒவ்வொருவராக வெளியே கூப்பிடும் மருத்துவராக நாசர். ‘ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி’ என்ற சொல் டீக்கடை பெஞ்ச் வரைக்கும் போய்ச் சேர்ந்தது அந்தக் கோடையில்தான்.

அதே 2005-இல் இஸ்ரேலியத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் தொடங்கியது. பெயர் ‘பெதிபுல்’, உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஹகாய் லெவி. பாட்டு இல்லை, பாம்பு இல்லை, பாழடைந்த பங்களா இல்லை. ஓர் அறை, அதில் உட்கார்ந்து பேசும் ரெண்டு பேர், அவ்வளவுதான். 2008-இல் எச்.பி.ஓ. இதை ‘இன் ட்ரீட்மென்ட்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எடுத்தது. முதல் சீசனின் திரைக்கதை பெரும்பாலும் மூலத்தை அப்படியே பின்பற்றுகிறது. திங்கள் முதல் வியாழன் வரை தெரப்பிஸ்ட் பால் வெஸ்டனைத் (கேப்ரியல் பைர்ன்) தேடி ஆட்கள் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை பால் கிளம்பி இன்னொருவரிடம் போகிறார். அவர் ஜீனா (டயான் வீஸ்ட்), பாலின் பழைய ஆசிரியை. நாலு நாள் தான் கேட்டதையெல்லாம் ஐந்தாம் நாள் அவரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்.

என் நண்பர்களில் இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் வெள்ளிக்கிழமைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். “அது சும்மா ரீகேப்தானே மச்சி” என்றான் ஒருவன். இந்தக் கட்டுரை அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றியது. அவை ஏன் தேவை, தொடர் அவற்றை எங்கே சரியாகச் செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது, நம் ஊரில் ஏன் வெள்ளிக்கிழமையே வருவதில்லை என்பதெல்லாம் இதில் வரும்.

*

முதலில் ‘சந்திரமுகி’யை முடித்துவிடுவோம். கேலி செய்ய எடுக்கவில்லை. படத்தின் மையத்தில் இருக்கும் ஒரு தொழில்முறைச் சிக்கலை யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. டாக்டர் சரவணன் சிகிச்சை அளிப்பது யாருக்கு? உயிர் நண்பனின் மனைவிக்கு. எங்கே? அவர்கள் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கிக்கொண்டு. எந்த ஊரில் எந்த உளவியல் துறையில் படித்தவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “நண்பன் மனைவிக்கு நீயே பார்க்கலாமா? உனக்கு இதில் என்ன வேண்டியிருக்கிறது?” படத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பாத்திரம் கூட இல்லை. அவருக்கு ஆசிரியர் இல்லை, சகமருத்துவர் இல்லை, போன் போட்டுக் கேட்க ஒரு சீனியர் கூட இல்லை.

உண்மையில் ஒருவர் இருக்கிறார். ராமச்சந்திர ஆச்சாரியார் என்ற மாந்திரீகர். மூலமான ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்திலும் டாக்டர் சன்னிக்குத் திலகன் நடித்த தந்திரி இருக்கிறார். மருத்துவர் தன் கணிப்பை மனம் திறந்து சொல்லி, கிளைமாக்ஸுக்குத் திட்டம் போடுவது இந்த ஆளோடுதான். நவீன மருத்துவமும் மாந்திரீகமும் கைகுலுக்கும் காட்சி என்று இதைப் பல பேர் விமர்சித்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேறு ஒன்றும் தெரிகிறது. தென்னிந்தியத் திரையில் ஒரு மனநல மருத்துவர் தன் தொழில் தெரிந்த இன்னொருவரோடு உட்கார்ந்து ‘இந்தக் கேஸை எப்படிக் கொண்டுபோவது’ என்று யோசிக்கும் அபூர்வமான இடம் அது. தனியாகச் செய்ய முடியாத வேலை இது என்று அந்தத் திரைக்கதைக்கு எங்கோ தெரிந்திருக்கிறது. யாரோடு சேர்ந்து செய்வது என்பதுதான் தெரியவில்லை.

*

இந்த வேலைக்கு உலகெங்கும் ‘கிளினிக்கல் சூப்பர்விஷன்’ என்று பெயர். தமிழில் மேற்பார்வை. சொல்லே நம்மை வழிதவறச் செய்கிறது.

நான் இருக்கும் ஊரப்பாக்கத்தில் சூப்பர்வைசர் என்றால் மறைமலை நகர் கம்பெனி ஷிப்ட்டில் நிற்கிறவர், இல்லையென்றால் அபார்ட்மென்ட் கட்டுமானத்தில் சிமென்ட் மூட்டை எண்ணுகிறவர். மேலே நின்று பார்ப்பவர். கீழே இருப்பவர் வேலை செய்வார். ‘மேற்பார்வை’ என்ற சொல்லுக்குள்ளும் அந்த உயரம் இருக்கிறது. உளவியலில் இந்தச் சொல் குறிக்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்றாவது ஆள் அறையில் இல்லை. அந்த மூன்றாவது ஆள், அதாவது ஆலோசனைக்கு வருகிறவர், பற்றித்தான் முழுப் பேச்சும். அவருக்கு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் நல்லபடியாக உதவுவது எப்படி என்பதுதான் ஒரே நோக்கம். ‘உடன்பார்வை’ என்று ஒரு சொல் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவன் சொல் உருவாக்கித் தருவது அதிகப்பிரசங்கம். பழகிய சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இதன் வரலாறு நூறு ஆண்டுப் பழசு. 1920-இல் பெர்லினில் மாக்ஸ் எய்ட்டிங்கோன் உள்ளிட்டோர் தொடங்கிய இலவச உளப்பகுப்பாய்வு மையத்தில்தான் பயிற்சிக்கு மூன்று கால்கள் வகுக்கப்பட்டன. பாடம் படிக்க வேண்டும், தானும் பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், தான் பார்க்கும் கேஸ்களை அனுபவமுள்ள ஒருவரிடம் தொடர்ந்து விவாதிக்க வேண்டும். நம் பக்கம் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியபோது இந்த மூன்றாவது காலைத் தாங்க அவருக்கு முன்னால் யாரும் இல்லை. புத்தகத்தில் படித்துத் தானே கற்றவர் அவர். ஃப்ராய்டோடு கடிதத்தில் பேசினார். முன்னோடிக்கு அது பெருமைதான். ஆனால் அந்த ‘தானே கற்றவர்’ பிம்பம் நம் சினிமாவிலும் நம் கற்பனையிலும் அப்படியே தங்கிப்போனது. மனதைப் படிப்பவர் என்றால் ஒற்றை ஆள், மேதை, கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்!

*

மென்பொருள்காரன் என்பதால் எனக்கு உடனே தோன்றிய ஒப்புமை கோட் ரிவ்யூ. நான் எழுதிய நிரலை இன்னொருவர் வரி வரியாகப் பார்த்து ஒப்புதல் தராமல் அது வெளியே போகாது. என்ன பெரிய சீனியராக இருந்தாலும் இதுதான் விதி. ‘அட, இதேதானே’ என்று கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தேன். யோசிக்க யோசிக்க அந்த ஒப்புமை ஓர் இடத்தில் உடைகிறது. அந்த இடம்தான் சுவாரசியமானது.

நிரல் திரையில் இருக்கிறது. நான் என்ன கதை விட்டாலும் ரிவ்யூ செய்பவர் அதைத் தானே படித்துக்கொள்வார். ஆலோசனை அறையில் நடந்தது பேசி முடித்ததும் காற்றோடு போய்விடுகிறது. மேற்பார்வையாளர் கைக்கு வருவது பயிற்சியாளரின் ஞாபகம் மட்டும். அந்த ஞாபகம் யாருடையது? தப்பு பண்ணியிருப்போமோ என்று பயப்படுகிற, இவரிடம் மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கிற ஓர் ஆளுடையது. 1996-இல் அமெரிக்காவில் நிக்கோலஸ் லடானியும் சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வில், பயிற்சியில் இருந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தங்கள் மேற்பார்வையாளரிடம் எதையாவது மறைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே.

ஆக, நல்ல மேற்பார்வையாளராக இருப்பதன் முதல் திறன் அறிவுரை சொல்வது அல்ல, எதிரே இருப்பவர் மறைக்கத் தேவையில்லாத ஒரு சூழலை உண்டாக்குவது. ரெண்டாவது, சொல்லப்பட்ட கதைக்குள் சொல்லப்படாததைக் கேட்பது. இதை வாசகராக நமக்கு விளக்கத் தேவையில்லை. நம்பத்தகாத கதைசொல்லி என்று இலக்கியத்தில் சொல்கிறோமே, அப்படி ஒருவரை வாராவாரம் வாசிக்கும் வேலை இது. விமர்சகன் கதைசொல்லியைப் பிடித்துவிட்டால் ஜெயித்ததாக நினைப்பான். மேற்பார்வையாளர் பிடித்துவிட்டால் தோற்றார், ஏனென்றால் அடுத்த வாரம் அவர் இன்னும் நன்றாக மறைக்கப்பட்ட கதையைத்தான் கேட்பார்.

*

இனி வெள்ளிக்கிழமை.

‘இன் ட்ரீட்மென்ட்’ முதல் வாரத்திலேயே லாரா என்ற இளம்பெண் பாலிடம் காதலைச் சொல்லிவிடுகிறாள். பால் ஆடிப்போகிறார். பல வருஷம் தொடர்பில்லாமல் இருந்த ஜீனாவைத் தேடி வெள்ளிக்கிழமை போகிறார். தன்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று ஓர் அனுபவசாலி உணர்ந்து இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய தொடரை நான் வேறு பார்த்ததில்லை.

அங்கே நடப்பதில் ஒன்று துல்லியம். லாரா பாலிடம் என்ன செய்கிறாளோ அதையே பால் ஜீனாவிடம் செய்கிறார். ‘அந்த நடுநிலை முகமூடியைக் கழற்று, மனுஷியாகப் பேசு’ என்று சண்டை போடுகிறார். தனக்கு வந்த அழுத்தத்தை அப்படியே அடுத்த அறைக்குக் கடத்துகிறார். இது திரைக்கதை உத்தி மட்டுமில்லை. ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955-லேயே இதைக் கவனித்து எழுதினார். பிறகு ‘இணைப்போக்கு’ என்ற பொருளில் இதற்கு ஒரு பெயரும் நிலைத்தது. நம் ஊர் உதாரணம் சொன்னால் இப்படி: பயிற்சியில் இருப்பவர் வந்து, “அவங்க எது சொன்னாலும் ‘அதெல்லாம் சரிப்பட்டு வராது’ன்னுடறாங்க மேடம்” என்று புலம்புவார். மேடம் ஒரு யோசனை சொல்வார். “அது சரிப்பட்டு வராது மேடம்.” இன்னொன்று. “அதுவும் கஷ்டம் மேடம்.” மூன்றாவது யோசனை சொல்லப் போகிற நேரத்தில் சட்டென்று நிறுத்தி, “இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குது?” என்று கேட்கத் தெரிந்தவர்தான் மேற்பார்வையாளர். அந்த ஒரு கேள்வியில் அறையில் இல்லாத மூன்றாவது ஆள் அறைக்குள் வந்துவிடுகிறார்.

இங்கே வரைக்கும் தொடர் என்னைக் கட்டிப்போட்டது. ஆனால் வாரம் போகப் போக ஒன்று நடக்கிறது. ‘லாராவுக்கு என்ன தேவை?’ என்ற கேள்வி மெல்ல ‘பால் லாராவைக் காதலிக்கிறாரா?’ என்று மாறிவிடுகிறது. பாலுக்கும் ஜீனாவுக்கும் இடையிலான பழைய கணக்குகள் மேலே வருகின்றன. பாலின் மனைவி கேட்டும் வெள்ளிக்கிழமை வரத் தொடங்க, அது தம்பதி ஆலோசனையாகவே ஆகிவிடுகிறது. ஒரே பெண்மணி ஒரே ஆளுக்கு ஆசிரியை, மேற்பார்வையாளர், தெரப்பிஸ்ட், குடும்ப மத்தியஸ்தர், எல்லாம். நாடகத்துக்கு இது அருமை. தொழிலாகப் பார்த்தால் இதில் தொலைந்து போனவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை வந்தவர்கள்.

இதற்கு விலை கொடுப்பவன் அலெக்ஸ், செவ்வாய்க்கிழமை வரும் கடற்படை விமானி. ஈராக்கில் அவன் போட்ட குண்டு ஒரு மதரசாவில் விழுந்து சிறுவர்கள் இறந்தார்கள். குற்றவுணர்வே இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறான். பிறகு லாராவோடு அவனுக்கு உறவு ஏற்படுகிறது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை அறையில் அலெக்ஸின் பெயர் வரும்போதெல்லாம் பெரும்பாலும் அவன் பாலின் போட்டியாளனாகத்தான் வருகிறான். அலெக்ஸ் மீண்டும் விமானம் ஓட்டப் போகிறான். பயிற்சிப் பறப்பில் சாகிறான். விபத்தா, தானே தேடிக்கொண்டதா என்று தெரியாது. ‘இந்த வாரம் நாம் யாரைப் பற்றிப் பேசவில்லை?’ என்று கேட்டிருக்க வேண்டியது ஜீனா. அவர் கேட்கவில்லை. ரெண்டாவது சீசனில் அலெக்ஸின் தந்தை வழக்குத் தொடுக்கும்போதும் தொடர் இதைப் பாலின் குற்றமாகவோ விதியாகவோதான் பார்க்கிறது. வெள்ளிக்கிழமையின் தோல்வியாகப் பார்க்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் பெரிய குருட்டுப்புள்ளி இதுதான்.

மூன்றாவது சீசனில் இர்ஃபான் கான் நடித்த சுனில் நம்மவர்களுக்கு முக்கியம். கல்கத்தாவில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், மகன் வீட்டில் அமெரிக்காவில் சிறைப்பட்டவர் போல இருக்கிறார். மருமகள் ஜூலியாவுக்கு அவரால் ஆபத்தோ என்ற பயம் பாலுக்குள் வளர்கிறது. கடைசியில் தகவல் போகிறது, சுனில் கைதாகிறார், நாடு கடத்தப்படப் போகிறார். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுவே, ஊர் திரும்புவது. பாலின் பயத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அந்தச் சீசனில் பால் பேசுவது அடேல் என்ற இளைய தெரப்பிஸ்ட்டிடம். அவர் கூர்மையானவர்தான். ஆனால் அவர் கேட்டதெல்லாம் பாலின் வாய்வழிச் சுனிலை. ஒரு வங்காளி மாமனார் வெளிநாட்டு மருமகளைப் பற்றிப் பேசும் தொனியில் எது வெறுப்பு, எது ஏக்கம், எது நடிப்பு என்பதை ரெண்டு அமெரிக்கப் பயிற்சி பெற்ற மனங்கள் யூகித்துக்கொண்டிருந்தன. நல்ல மேற்பார்வை இருந்தாலும் மூன்றாவது ஆளின் உலகம் அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

*

இர்வின் யாலோமின் ‘லையிங் ஆன் தி கௌச்’ நாவலும் (1996, லடானியின் ஆய்வு வந்த அதே வருஷம்) இந்த அறையைத்தான் கிண்டலாகத் தொடுகிறது. எர்னஸ்ட் லாஷ் என்ற இளம் மருத்துவருக்கு மேற்பார்வையாளர் மார்ஷல் ஸ்ட்ரைடர். பெரிய பெயர், பெரிய கட்டணம், சங்கத்தில் பதவி ஆசை. எர்னஸ்டிடம் ஒரு பெண் பொய்ப் பெயரில், அவரைச் சிக்க வைக்கும் திட்டத்தோடு சிகிச்சைக்கு வருகிறாள். இன்னொரு பக்கம் மார்ஷல் ஒரு மோசடிக்காரனிடம் பணத்தை இழக்கிறார். அவமானம். சகாக்கள் யாரிடமும் சொல்ல முடியாது. வக்கீலைத் தேடிப் போகிறார். அந்த வக்கீல் வேறு யாருமில்லை, எர்னஸ்டிடம் பொய்யாக வந்து, பொய்க்குள்ளேயே மெய்யாக ஏதோ கற்றுக்கொண்ட அதே பெண். மேற்பார்வையாளரைத் தேற்றுவது மாணவனின் போலி நோயாளி!

தற்செயல்கள் அதிகம், கொஞ்சம் சினிமாத்தனம் என்று இந்த நாவலைக் குறை சொல்லலாம். ஆனால் ‘இன் ட்ரீட்மென்ட்’ கேட்கத் தவறியதை யாலோம் கேட்கிறார்: மேலே இருப்பவருக்கு மேலே யார்? மார்ஷலுக்கு வெள்ளிக்கிழமை கிடையாது. மேற்பார்வை என்பதைப் படிக்கும் காலத்துச் சடங்காக வைத்துவிட்டு, பெயர் வந்ததும் அதிலிருந்து விடுதலை என்று நினைக்கும் தொழிலின் கதை அது.

பிரிட்டனில் உளவளத் துணைவர்களுக்கான சங்கமான பி.ஏ.சி.பி. இதற்கு எதிர்த் திசையில் போகிறது. ஆலோசனை தரும் உறுப்பினர் யாராக இருந்தாலும், முப்பது வருஷ அனுபவம் இருந்தாலும், தொடர்ந்து மேற்பார்வையில் இருக்க வேண்டும், அங்கீகாரச் சான்று பெற்ற உறுப்பினர் என்றால் மாதத்துக்குக் குறைந்தது 1.5 மணி நேரம் என்பது அவர்கள் விதி. ஓய்வு பெறும் வரை.

நம் நாட்டில்? 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிறது. அதற்கான எம்.ஃபில். படிப்பில் ரெண்டு வருஷம் மருத்துவமனைச் சூழலில் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி உண்டு, கடுமையான பயிற்சிதான். பதிவு கைக்கு வந்த பிறகு யாரும் கட்டாயம் கேட்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ற எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களைப் பத்தாண்டுகளில் உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது தலை எண்ணுகிறது. எண்ணப்பட்ட அந்தத் தலைகளுக்கு உள்ளே என்ன நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பது எண்ணிக்கையில் வராது.

என் கல்லூரித் தோழி ஒருத்தி ஐ.டி. வேலையை விட்டுவிட்டு உளவியல் படித்தாள். இப்போது ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கவுன்சிலர். பல ஆயிரம் மாணவர்களுக்கு அவள் ஒருத்தி. அரியர், காதல், கடன் ஆப், ராகிங், வீட்டில் அடி, செத்துப்போகலாமா என்ற யோசனை எல்லாம் அந்த ஒரு அறைக்கு வருகின்றன. அவளுக்கு மேலதிகாரி உண்டு. மாசக் கடைசியில் ‘எத்தனை கேஸ் க்ளோஸ்’ என்று எக்செல் ஷீட் கேட்பார். அதுதான் அங்கே மேற்பார்வை. ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: “ஒரு பையன் மூணு வாரமா வரல. நான் கடைசியா சொன்ன ஒரு வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. அது சரியா தப்பான்னு யார்கிட்ட கேக்கறது? உன்கிட்ட சொல்லக்கூடாது. வீட்ல சொல்லக்கூடாது. டீன்கிட்ட சொன்னா அந்தப் பையன் பேரக் கேப்பாரு.”

ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் அறம். அந்த அறத்தை மீறாமல் பேசுவதற்கு இருக்கும் ஒரே வாசல் மேற்பார்வை. வாசல் இல்லாத வீட்டில் ரெண்டே வழிதான்: உள்ளேயே மூச்சு முட்டுவது, அல்லது சுவரை உடைப்பது. சுவரை உடைக்கிறவர்களையும் பார்க்கிறோம். ‘என்னிடம் வந்த ஒரு பெண்...’ என்று ஆரம்பித்து ரீல்ஸில் கேஸ் கதை சொல்லும் ஆலோசகர்களை. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரீல்ஸ்களில் சில, போக வேண்டிய இடம் தெரியாத வெள்ளிக்கிழமைகளோ என்றும் தோன்றுகிறது.

*

மேற்பார்வை செய்ய யார் கற்றுத் தருவது? இங்கே சீனியர் ஆகிவிட்டால் மேற்பார்வையாளர் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் துறையிலும் இதே கதைதான்: நன்றாக நிரல் எழுதுகிறவரைத் தூக்கி டீம் லீட் ஆக்குவார்கள், ஒரு நல்ல புரோகிராமர் போய் ஒரு மோசமான மேனேஜர் கிடைப்பார். ஆலோசனை தருவதும் ஆலோசகரை வளர்ப்பதும் வேறு வேறு திறன்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜனின் பெர்னார்ட் 1979-இல் சொன்ன மாதிரி எளிமையானது: மேற்பார்வையாளர் சில நேரம் ஆசிரியர், சில நேரம் ஆற்றுப்படுத்துநர், சில நேரம் கூடயோசிப்பவர். எந்த நிமிடம் எது தேவை என்று தெரிவதுதான் பயிற்சி. ஜீனா ரெண்டாவதிலேயே சிக்கிக்கொண்டார். நம் பேராசிரியர்கள் பலர் முதலாவதிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நார்மன் காகன் 1960-களில் உருவாக்கிய இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. அமர்வின் பதிவை இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். நிறுத்தும் பொத்தான் பயிற்சி பெறுபவர் கையில். மேற்பார்வையாளர் தீர்ப்பு சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்: “இந்த இடத்தில் உனக்குள் என்ன ஓடியது? சொல்ல நினைத்து விழுங்கியது என்ன?” பொத்தான் யார் கையில் என்பதை மாற்றியதும் அந்த ‘மேல்’ என்ற உயரம் பாதி இறங்கிவிடுகிறது.

இந்திய மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973-இல் குரு-சீட உறவை நமக்கேற்ற ஒரு சிகிச்சை மாதிரியாக முன்வைத்தார். நம் பண்பாட்டில் சார்ந்திருப்பது கேவலம் இல்லை என்பதை உணர்ந்த, யோசிக்க வேண்டிய கருத்து. ஆனால் அதே உறவை மேற்பார்வை அறைக்குள் கொண்டுவந்தால்? குருவிடம் சீடன் எதைச் சொல்வான்? வென்றதைச் சொல்வான். தோற்றதை, நோயாளி மேல் வந்த கோபத்தை, தூக்கம் வந்ததை, ஈர்ப்பு வந்ததைச் சொல்ல மாட்டான். ‘சார் என்ன நினைப்பாரு’ என்ற மூணு வார்த்தையில் முடிந்துபோகிற அமர்வுகள் இங்கே எத்தனையோ.

அதனால்தான் கோவாவில் நடந்த ஒரு சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. விக்ரம் படேல் குழுவினர் உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களை மனச்சோர்வுக்கும் குடிப்பழக்கத்துக்கும் ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார்கள். அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் தரம் மதிப்பிட்டார்கள். 2014-இல் வெளியான கட்டுரைப்படி பயிற்சி முன்னேற முன்னேற அவர்கள் மதிப்பீடு நிபுணர்களின் மதிப்பீட்டோடு நல்லபடி ஒத்துப்போனது. மேலே இருந்து பார்க்க ஆள் போதாத நாட்டில், பக்கத்தில் இருந்து பார்க்கக் கற்றுத் தர முடியும் என்பதற்கு அது சாட்சி.

இன்னும் பக்கத்தில் வருவோம். 1984-இல் எம். சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், கோவா, சத்தாரா குழுக்களோடு சேர்ந்து மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது; 2014-இல் ‘லான்செட்’டில் வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவத்தோடு, மேற்பார்வையில் இயங்கும் சமூகப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் உதவினார்கள். மொத்தப் பலன் மிதமானது. தெளிவாகப் பலன் தெரிந்தது தமிழ்நாட்டுக் களத்தில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில். 2019-இல் செங்கல்பட்டு பிரியும் வரை ஊரப்பாக்கமும் அந்த மாவட்டம்தான். பலனுக்கு மேற்பார்வை காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. அந்தக் கட்டுரையில் மேற்பார்வைக்குக் கிடைப்பது சில வாக்கியங்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பு அந்த வாக்கியங்களுக்கு உள்ளே கிடக்கிறது. பன்னிரண்டாவது படித்த ஒரு பெண், சங்கிலியில் கட்டப்பட்ட ஒருவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்து, தன் ஒருங்கிணைப்பாளரிடம் என்ன சொல்லியிருப்பாள்? எதை விழுங்கியிருப்பாள்?

2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோனதைத் தமிழ் எழுத்து கொஞ்சமாவது தொட்டிருக்கிறது. நோயுற்றவரின் தனிமை நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. அவரோடு உட்கார்ந்தவரின் தனிமையை நாம் எழுதவில்லை. கோவளத்தில் தி பேனியன் அமைப்பின் பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். 1986-இல் லக்ஷ்மி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவில் தன்னார்வலர்கள் முகம் தெரியாத குரல்களைக் கேட்கிறார்கள். ஸ்நேகாவுக்கு முன்மாதிரியான லண்டன் சமாரிட்டன்ஸ் அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் கேட்டதையெல்லாம் அன்றைய பொறுப்பாளரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எந்தக் கோட்பாடும் இல்லாத எளிய ஏற்பாடு. கேட்டவரைக் கேட்க ஒருவர்.

தமிழில் இப்படி ஓர் அறையைப் பற்றிய கதை வந்தால், ஜீனாவைப் போல ஆழமான வசனம் பேசும் ஆள் அதில் வேண்டாம். ‘இந்த வாரம் நாம யாரைப் பத்திப் பேசல?’ என்று கேட்கிற ஒருவர் போதும். அந்தக் கதை வரும் வரை வாசகர்களாகிய நாம் ஒன்று செய்யலாம். உங்களில் பலர் ஆலோசகர்களிடம் போகிறவர்கள், போக யோசிப்பவர்கள். முதல் அமர்வில் கட்டணம் கேட்கிறோம், படிப்பு கேட்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: “நீங்க யார்கிட்ட பேசறீங்க?” கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. நல்ல ஆலோசகர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். கேட்கிறவர்கள் அதிகமானால், என் தோழி வேலை செய்வது போன்ற கல்லூரிகளிலும் மாதம் 1.5 மணி நேரத்துக்கு ஒரு நாற்காலி கூடுதலாகப் போட வேண்டிவரும்.